பி53: புற்றுநோயைத் தடுக்கும் மரபணு

உடலில் புற்றுநோய் உருவாகாமல் காக்கும் மரபணுக்களில் முதன்மையானது பி53. செல்லின் டி.என்.ஏ. பழுதடைந்தால், இந்த மரபணு உருவாக்கும் புரதம் செல் பிரிவதை நிறுத்தி, பழுதைச் சரிசெய்ய அவகாசம் தருகிறது. சரிசெய்ய முடியாத நிலையில் அந்த செல்லையே அழியச் செய்கிறது. மனிதர்களின் புற்றுநோய்க் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் பி53 கெட்டுப்போயிருக்கிறது.

இந்த மரபணு இல்லாவிட்டால் என்ன ஆகும்? மனிதர்களிடம் இதைச் சோதிக்க முடியாது. சுண்டெலிகளே இதற்கு விடை தந்தன. 1992-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள், பி53 நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை இயல்பாகவே பிறந்து வளர்ந்தன. ஆனால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலானவற்றுக்குக் கட்டிகள் வந்தன.

2002-இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்குக் கூடுதலாக ஒரு பி53 பிரதியைச் சேர்த்தார்கள். புற்றுநோயை எதிர்க்கும் திறன் அவற்றுக்குக் கூடியது. முதுமையும் முன்கூட்டியே வரவில்லை. அதே ஆண்டில் வெளியான ஹூஸ்டன் ஆய்விலோ, பி53 அளவுமீறி இயங்கிய சுண்டெலிகளுக்குக் கட்டிகள் குறைந்தன; ஆனால் அவை விரைவில் மூப்படைந்தன. பி53 எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, தேவையானபோது மட்டும் இயங்குகிறதா என்பதே முக்கியம் என்று இவ்விரு ஆய்வுகளும் காட்டின.

கூடுதல் பி53 புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு இயற்கையிலும் சான்று உண்டு. மனிதரிடம் ஒரு ஜோடியாக இருக்கும் இந்த மரபணு, யானையிடம் சுமார் இருபது ஜோடிகளாக உள்ளதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவு பெரிய உடல் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிது.

ஆனாலும் சுண்டெலிக்கு வரும் கட்டிகளின் வகை மனிதருக்கு வருவதிலிருந்து வேறுபடுகிறது. ஆகவே விலங்கில் கண்ட முடிவு, மனித செல்களிலும் நோயாளிகளிடமும் உறுதிப்பட்ட பிறகே சிகிச்சையாக மாற முடியும்.