படுத்த படுக்கையான கணவர் – மனைவியின் இழப்புக்குக் கணக்கு உண்டா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சட்ட விழிப்புணர்வுக்காகப் பேசியது)



ஒரு வீட்டில் வாகன விபத்து என்றால் நாம் முதலில் கேட்பது, "உயிருக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான். இல்லை என்றதும் மனசு ஆறிவிடுகிறது. ஆனால் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் கிடக்கிறவரின் மனைவி நிலைமை என்ன? கூலிக்குப் போக முடியாது. புரட்டிப் படுக்க வைக்கணும், மலம் ஜலம் எடுக்கணும், முதுகில் புண் வராமல் பார்க்கணும். புருஷன் பொண்டாட்டி என்ற வாழ்க்கையும் அன்றோடு நின்றுபோகிறது. இதை வெளியில் சொல்ல நமக்குக் கூச்சம். ஆனால் கோர்ட்டில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: 'கன்சார்ஷியம்' இழப்பு. அதாவது துணையின் அன்பு, ஆதரவு, தாம்பத்திய உறவு இவற்றின் இழப்பு.

கணவர் இறந்துபோனால் இதற்கென்று மனைவிக்குத் தனித்தொகை உண்டு. 2017ல் உச்ச நீதிமன்றம் அதை 40,000 ரூபாய் என்று வைத்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னது. 2018ல் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்கூட இந்த இழப்பு உண்டு என்று சொன்னது.

உயிரோடு படுக்கையில் இருந்தால்? அங்கேதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவின்படி காயம்பட்டவர்தான் மனுதாரர். மனைவி அவருடைய பிரதிநிதியாக மனுப் போடலாமே தவிர, சட்டத்தில் அவளுக்கென்று தனி இடம் எழுதப்படவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று, உயிரோடு இருக்கும் கணவரின் காயத்துக்காக மனைவியும் தனியே வழக்குப் போடலாம் என்று 1950லேயே சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் அங்கேயும் கணவன்மாருக்கு மட்டும்தான் அந்த உரிமை இருந்ததாம்! நம் சட்டத்திலும் இதைத் தெளிவாக எழுத வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அதுவரைக்கும் என்ன செய்வது? கணவர் பெயரில் போடும் மனுவிலேயே எல்லாவற்றையும் கேட்க வேண்டும். வலி வேதனை, வாழ்க்கைச் சுகங்களின் இழப்பு, வருமான இழப்பு, பராமரிப்புச் செலவு என்று தனித்தனித் தலைப்பு உண்டு. தாம்பத்திய வாழ்க்கை போனதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாழ்க்கைச் சுகங்களின் இழப்பில் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

பராமரிப்பு விஷயத்தில்தான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள். "ஆள் வைக்கலீங்க, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லி நிறுத்திவிட்டால், செலவே இல்லை என்பதுபோல ஆகிவிடும். நீங்கள் இல்லாவிட்டால் சம்பளத்துக்கு ஆள் வைக்கத்தானே வேண்டும்? விபத்தில் முழு ஊனமான 12 வயதுச் சிறுமியின் வழக்கில், 2020ல் உச்ச நீதிமன்றம் பராமரிக்கும் ஆளுக்கு மட்டும் 21,60,000 ரூபாய் கணக்கிட்டது. நீங்கள் எந்தத் தேதியிலிருந்து வேலைக்குப் போகவில்லை, தவணை எப்போது நின்றது என்பதெல்லாம் குழுவின் தீர்மான நோட்டில் இருக்குமே. நகல் எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள்.

டாக்டர் சான்றிதழில் 60 சதவீத ஊனம் என்று இருந்தால் வருமான இழப்பும் 60தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டாம். இடது கை போன கிளார்க் வேலையில் தொடரலாம், டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகும் என்று 2010ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசும்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் பேசினார்களா, இனி வரும் வருடங்களின் பராமரிப்பும் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. நாள் கடத்த வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச உதவி தருவார்கள். போன் நம்பர் 15100.