நுண்பூச்சுகளின் பயனும் பாதுகாப்பும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாதென்பது நம் குழந்தைகளும் அறிந்த விஷயம். அஃது ஏன் ஒட்டவில்லை என்பதை விளங்கச் சொன்னவர் ஜெர்மனி தேசத்துத் தாவர நூலறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் என்பவர். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு வழியாக நோக்குங்கால், வழவழப்பாகத் தோன்றும் அவ்விலையின் மேற்புறம் நுண்ணிய மேடுகளும், அவற்றின்மீது மெழுகுத் துணுக்குகளும் நிறைந்ததாய்க் காணப்பட்டது. நீர்த்துளி அம்மேடுகளின் நுனியை மாத்திரம் தொட்டு உருண்டோடுகிறது. ஓடும்போது தூசியையும் வாரிச் செல்கிறது. 1997-ஆம் வருஷத்தில் அவரும் அவர்தம் தோழரும் இதனை விரித்தெழுதினர். 1999-இல் இம்முறையைத் தழுவிய சுவர்ப்பூச்சு அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது.

இவ்விதப் பூச்சுகள் இன்று 'நானோ' என்னும் பெயரால் வழங்குகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராம். கண்ணாடியில் மழைநீர் தங்காமலும், துணியில் கறை பற்றாமலும், இரும்பில் துரு ஏறாமலும் காக்கும் பூச்சுகள் பல உள. பொருள்கள் நெடுநாள் உழைப்பதும், கழுவும் நீரும் சவுக்காரமும் மிச்சப்படுவதும் குடும்பத்திற்குச் சிறிய லாபமல்ல. ஆகவே இவற்றை நாம் வெறுக்கவேண்டியதில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2006-ஆம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில், ஜெர்மனியில் 'மேஜிக் நானோ' என்னும் தெளிப்பு மருந்தைக் கண்ணாடிக்கும் குளியலறைக்கும் உபயோகித்தவர்களில் சுமார் 100 பேர் இருமலாலும் மூச்சுத் திணறலாலும் வருந்தினர். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. சரக்கு உடனே திரும்பப் பெறப்பட்டது. 'நானோ'வின் கொடுமை இதுவே என்று உலகமெங்கும் கூக்குரல் எழுந்தது. சோதித்துப் பார்த்தபோதோ, அதில் நானோத் துகள் யாதொன்றும் இல்லையென்று தெரிந்தது! அதே பெயருள்ள சரக்கு முன்னர்க் கைப்பம்புப் புட்டியில் விற்றபோது இத்தகைய துன்பம் நேர்ந்ததில்லை. வாயு அழுத்தமுள்ள டப்பாவில் அடைத்து விற்றபின்னரே நேர்ந்தது.

இதன் காரணத்தைக் கவனிப்போம். நமது நுரையீரலின் சிறு காற்றுப்பைகளின் உட்புறத்தில் மெல்லிய ஏடொன்று படர்ந்து, அவை சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கிறது. நீரை ஒட்டவிடாத பதார்த்தம் மிக நுண்ணிய துளிகளாய் உட்சென்றால் அவ்வேட்டைக் கெடுத்துவிடக்கூடும். புளோரின் கலந்த சிலேன் வகையொன்று, ஆவியாகும் திரவத்தில் கரைத்துத் தெளிக்கப்பட்டபோது எலிகளின் நுரையீரலைக் கெடுத்ததை டென்மார்க்கு ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வகைத் தெளிப்புகளைப் பொதுஜனங்களுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டம் செய்து, 2021 ஜனவரி முதல் தடுத்தது.

பூசியபின் அப்பூச்சு எங்கே போகிறதென்பதும் வினவத்தக்கது. வெள்ளித் துகள் சேர்த்த காலுறைகளை நீரில் அலசியபோது சிலவற்றினின்று வெள்ளி கழன்று வந்ததை 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா ஸ்டேட் சர்வகலாசாலையில் கண்டறிந்தனர். கழன்றது சாக்கடை வழியே ஆற்றையும் குளத்தையும் அடையுமன்றோ?

ஆதலின் அன்பர்களே, புட்டியின்மேல் எழுதிய பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம், மருளவும் வேண்டாம். அதில் என்ன கலந்துளது, எவ்வாறு பூசுவது, பின்னர் எங்கே சேர்வது என்னும் மூன்றையும் கேட்டறிவதே விவேகம். பாதுகாப்புக் குறிப்புத் தாளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தெளிப்பதினும் துணியால் தடவுவதே நன்று. தெளிக்கவே நேரின் திறந்த வெளியில் தெளியுங்கள்; குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தெளிக்கலாகாது. குழந்தைகளும் காசநோய், இழுப்பு நோய் உடையவர்களும் அருகில் நிற்றல் கூடாது. முகத்திற் கட்டும் துணி இந்நுண்துளிகளையும் ஆவியையும் தடுக்கமாட்டாது.

வீட்டில் ஒருநாள் பூசுகிற நமக்கே இத்தனை ஜாக்கிரதை வேண்டுமாயின், மோட்டார்ப் பட்டறையில் நாள்தோறும் பூசிப் பிழைக்கிற நம் பிள்ளைகளுக்கு எத்துணை வேண்டும்! தக்க முகமூடியும் காற்றோட்டமும் முதலாளிமார் அளிக்கவேண்டியது கருணையன்று, கடமையாம். பட்டறை வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் இதனை முதற்கண் செய்து காட்டுவார்களென்று நம்புகிறோம்.