கதவைத் திறந்து வைத்துப் பூட்டைச் சோதியுங்கள்



மதுரைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டரில் இருக்கும் திண்டுக்கல்லின் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று பல வகை. சாவியின் பல்லுக்கு ஏற்ப உள்ளேயிருக்கும் லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவிச் சேர்க்கும் கைவேலை அது. அப்படிப்பட்ட பூட்டு மக்கர் செய்தால், பிரித்துப் பார்த்து, தேய்ந்த லீவரை மட்டும் மாற்றிவிடலாம்.

இன்று மதுரையில் திருப்பாலை, ஒத்தக்கடை பக்கம் எழும் புது வீடுகளில் யுபிவிசி என்னும் பிளாஸ்டிக் கதவுகளைப் பார்க்கிறோம். கறையான் அரிக்காது, மழையில் ஊறாது. ஆனால் பூட்டு இறுகிவிட்டால் மட்டும், "மொத்த செட்டையும் மாத்தணும்" என்ற பதில் சட்டென்று வந்துவிடுகிறது. அந்தப் பதிலை ஏற்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு.

இந்தப் பூட்டில் மூன்று பாகங்கள். சாவி நுழையும் சிலிண்டர் ஒன்று. கைப்பிடியின் அசைவை வாங்கிக்கொள்ளும் கியர்பாக்ஸ் இன்னொன்று. கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஓடி, பல இடங்களில் கொக்கிகளை நீட்டும் நீளப் பட்டை மூன்றாவது.

கதவைத் திறந்து வைத்தபடியே கைப்பிடியை அசைத்து, சாவியைத் திருப்பிப் பாருங்கள். திறந்த நிலையில் வழுக்கிக்கொண்டு ஓடி, மூடினால் மட்டும் இறுகுகிறதா? பூட்டில் பழுதில்லை. கதவு தொங்கிவிட்டது, கொக்கிகள் நிலையிலுள்ள துளைகளுக்கு நேராகப் போகவில்லை. பல கீல்களை ஆலன் கீ கொண்டே ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. உள்ளே இரும்புக் குழாய் வைக்காத இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் சட்டம், வெப்பம் இருபது டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளும். காலையில் எளிதாகப் பூட்டிய கதவு, அக்னி நட்சத்திர மதியத்தில் முரண்டு பிடிப்பது இதனால்தான். அந்த நேரத்தில் கைப்பிடியைப் பலங்கொண்டு இழுப்பதுதான் கியர்பாக்ஸை உடைக்கிறது.

திறந்து வைத்தும் கைப்பிடி இறுகினாலோ, தொளதொளவென்று தொங்கினாலோ கியர்பாக்ஸைச் சந்தேகிக்கலாம். கைப்பிடி நன்றாக இயங்கி, சாவி மட்டும் சுற்றாவிட்டால் பெரும்பாலும் கோளாறு சிலிண்டரில்தான்.

சிலிண்டரை வீட்டிலேயே மாற்றலாம். கதவின் விளிம்பில், சாவித் துளைக்கு நேராக ஒரு நீள ஸ்குரு இருக்கும். அதைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் சிலிண்டர் கையோடு வரும். வராவிட்டால் சாவியை இன்னும் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசையுங்கள்; நடுவிலிருக்கும் பல் உடலோடு ஒட்டி நிற்கும் கோணம் வந்ததும் விட்டுவிடும். பழையதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஸ்குரு துளையிலிருந்து இரு முனைக்கும் உள்ள நீளம் தனித்தனியே பொருந்த வேண்டும். புதியது கைப்பிடித் தகட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீண்டிருந்தால் திருடன் கவ்விப் பிடித்து முறிக்க வசதியாகிவிடும்.

கியர்பாக்ஸ் என்றால் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டையின் அகலம், பட்டையிலிருந்து சாவித் துளையின் மையம் வரை உள்ள தூரம், கைப்பிடிக் கம்பியின் மையத்திலிருந்து சாவித் துளையின் மையம் வரை உள்ள தூரம். கடைசி அளவு பரவலாக 85 அல்லது 92 மில்லிமீட்டர். சில வகைகளில் கியர்பாக்ஸ் தனியே கழன்று வரும். பட்டையோடு சேர்த்து அறைந்திருந்தால் மட்டுமே முழுப் பட்டையையும் மாற்ற நேரும்.

சிலிண்டருக்குள் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். எண்ணெயில் தூசி ஒட்டி, உள்ளேயிருக்கும் சிறு ஊசிகள் சிக்கிக்கொள்ளும். பென்சில் கரியைச் சாவியின் பற்களில் தேய்த்து, நாலைந்து முறை நுழைத்து எடுத்தாலே போதும்.

கதவு மூடியிருக்கும்போது கியர்பாக்ஸ் உடைந்தால், கதவைச் சேதப்படுத்தாமல் திறப்பது தேர்ந்த ஆளுக்கே கடினம். கைப்பிடி லேசாக இறுகத் தொடங்கும் அன்றே, கதவைத் திறந்து வைத்து இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.