சிற்றரங்கில் வளர்ந்த பேரிசை

இசைக்கு அரங்கு வேண்டும். அரங்கிற்கு அளவு வேண்டும். இதனைத் தமிழர் நன்கறிந்திருந்தனர் என்பதற்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை சான்றாகும். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என ஆடலரங்கின் அளவைச் சொல்லும் இளங்கோவடிகள், குழலும் யாழும் முழவும் ஒன்றையொன்று தழுவி ஒலிக்கும் முறையையும் அங்கே வரிசைப்படுத்துவார். சிலரே கூடி, ஒருவர் வாசிப்பதை மற்றவர் செவிமடுத்து, அதற்கு இயையத் தாமும் வாசிக்கும் கலை மேலைநாட்டிலும் தனியொரு வடிவம் பெற்றது. ஆங்கிலேயர் சேம்பர் மியூசிக் என வழங்கும் அதனைச் சிற்றரங்க இசை எனலாம்.

அதன் சிறந்த வடிவம் நால்வர் இசை. வயலின் இரண்டு, வயோலா ஒன்று, செல்லோ ஒன்று. வயலின், பாலுசாமி தீட்சிதர் போன்றோரால் நம் கச்சேரி மேடைக்கு வந்து நெடுங்காலமாயிற்று. வயோலா அதனினும் சற்றுப் பெரியது, தாழ்ந்த குரலுடையது. செல்லோ இன்னும் பெரிது. அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கப்படுவது. கோல் அசைத்து வழிநடத்துவார் எவரும் இவ்விசைக்கு இல்லை. நால்வரும் ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கி, மூச்சறிந்து இயங்குதல் வேண்டும். எஸ்டர்ஹாசி பிரபுக்களின் அவையில் நெடுங்காலம் பணியாற்றிய ஹைடன் இவ்வகையில் 68 படைப்புகளைத் தந்தார். பீத்தோவன் தந்தவை 16.

பிரபுக்களின் மாளிகை அறைகளிலும் செல்வர் இல்லங்களிலும் வாழ்ந்த இந்த இசை, உழைக்கும் மக்களின் செவிக்கு எட்டியது எவ்வாறு என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. இலண்டன் மாநகரில் ஜான் எல்லா என்பார் 1845-இல் ஓர் இசைக் கழகம் தொடங்கினார். அதில் இடம்பெற்றோர் பெரும்பாலும் உயர்குடியினர். வாரம் ஆறு நாளும் உழைத்த எளியோர்க்கு எஞ்சியது ஞாயிறு ஒன்றே. அந்த ஞாயிற்றுக்கோ சட்டத் தடை இருந்தது. அன்று கட்டணம் பெற்றுப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் நடத்தலாகாது என்பது 1780-ஆம் ஆண்டுச் சட்டம்.

இத்தடைக்கு வழி கண்டவற்றுள் ஒன்று, பின்ஸ்பரிப் பகுதியில் இருந்த சவுத் பிளேஸ் மன்றம். ஒரு சிறு சமயச் சபையாகத் தோன்றிய அது, 1888-இல் அறநெறிக் கழகமாகப் பெயர் மாறிற்று. அதற்கு முந்தைய ஆண்டாகிய 1887-இலேயே ஞாயிறு மாலை இசையரங்குகளை அது தன் பொறுப்பில் நடத்தத் தொடங்கிவிட்டது. வாயிலில் கட்டணம் இல்லை. விரும்பியோர் காணிக்கைத் தட்டில் இயன்றதை இடலாம். சட்டம் மீறப்படவில்லை, ஏழையும் தடுக்கப்படவில்லை. அம்மன்றத்தை நெடுங்காலம் வழிநடத்திய மான்க்யூர் கான்வே கீழைநாட்டுப் பயணத்தில் சென்னை அடையாறு வரை வந்து சென்றவர். 1929-இல் ரெட் லயன் சதுக்கத்தில் எழுந்த புதிய மண்டபம் அவர் பெயரையே தாங்கிற்று.

மண்டபத்துக்குப் பெயர் தந்தவர் கான்வே; இசையரங்குகளுக்கு வாழ்நாளைத் தந்தவர் ஆல்பிரட் கிளெமென்ட்ஸ். 1887 முதல் 1938 வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவற்றின் செயலாளராக அவர் இருந்தார். 1927-இல் அரங்குகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டில் ஆயிரம் எனின், ஆண்டுக்கு இருபத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் கலைஞரை அழைக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் அச்சிட வேண்டும். தட்டில் விழுந்த காசை எண்ணிக் கணக்கெழுத வேண்டும். மேடையில் தோன்றாத இவ்வுழைப்பே மேடையைத் தாங்கிற்று.

இத்தகைய உழைப்பு ஏன் இன்றியமையாதது என்பதைப் பொருளியலும் விளக்குகின்றது. 1966-இல் பாமால், போவன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்தனர். ஆலையில் எந்திரம் வந்தால் பத்துப் பேர் வேலையை ஒருவர் செய்வார். நால்வர் இசைக்கோ பீத்தோவன் காலத்திலும் நால்வர் வேண்டும். இன்றும் நால்வரே வேண்டும். அரை மணி நேரப் படைப்பை விரைந்து வாசித்துக் கால் மணியில் முடித்தலும் இயலாது. பிற துறைகளில் ஊதியம் உயர உயர, இக்கலையின் செலவும் உயரும், விளைச்சல் உயராது. அரங்கைப் பெரிதாக்கி வருவாய் பெருக்கலாம் என்றாலோ, நரம்பின் நுண்ணொலி பெருமண்டபத்தில் கரைந்துபோகும். ஆகவே சந்தை மட்டும் இதனை வாழ்விக்காது. கலையைத் தம்முடையது எனக் கொண்ட ஒரு சிறு கூட்டம் வேண்டும்.

அக்கூட்டம் கலைஞரைக் காப்பதோடு நிற்பதில்லை, கேட்போரை உருவாக்குகின்றது. ஒருநாள் வந்து வியந்து செல்பவர் பார்வையாளர். பருவந்தோறும் வந்து, சென்ற ஆண்டு கேட்ட அதே படைப்பை இவ்வாண்டு வேறு நால்வர் எவ்வாறு வாசிக்கின்றனர் என ஒப்பிட்டறிபவரே சுவைஞர். அவரை விளம்பரத்தால் பெற இயலாது. தொடர்ச்சியால் மட்டுமே பெற இயலும். சவுத் பிளேஸ் ஈட்டிய பெருஞ்செல்வம் இத்தகைய சுவைஞரே. புதியன படைப்போரையும் அது மறக்கவில்லை. கிளெமென்ட்ஸ் நினைவாகச் சிற்றரங்க இசைப் படைப்புகளுக்குப் பரிசொன்றும் ஏற்படுத்தப்பட்டது.

கிளெமென்ட்ஸ் மறைந்த பின்னும் அரங்கு மறையவில்லை. பிறர் ஏற்று நடத்தினர். 1969-இல் ஈராயிரம் அரங்குகளின் வரலாறு நூலாயிற்று. கான்வே மண்டபத்தில் ஞாயிறு இசை இன்றும் தொடர்கின்றது. இசைக் கழகமாயினும் இலக்கிய மன்றமாயினும், தொடங்கியவர் உள்ளளவும் அது நடப்பது அவரது ஆற்றலைக் காட்டும். அவருக்குப் பின்னும் நடப்பதே மன்றத்தின் ஆற்றலைக் காட்டும். முதல் பத்தாண்டு தொடங்கியவர்க்கு உரியது. அடுத்த பத்தாண்டு, நாற்காலிகளை எடுத்துப் போட இன்று முன்வரும் இளையோர்க்கு உரியது.