தாலிக்கொடியை அடகு வைக்கும் முன்

(மும்பை தாராவியில் நடந்த நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். நாற்பது ஆண்டுகளாகத் தோல் பட்டறையில் கத்தி பிடித்தவன். ஆனால், நம் சந்தில் ஒரு தங்கச்சி தாலிக்கொடியை அடகு வைக்கக் கிளம்பியிருப்பதாகக் கேள்விப்பட்ட பிறகு, வாய்மூடி இருப்பது குற்றம் என்று பட்டது. மகளை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்க ஏஜெண்ட் ஒருவர் முன்பணம் கேட்டிருக்கிறார்.

உழைப்பாளி வீட்டுப் பெண் டாக்டராக ஆசைப்படுவது பேராசையா? இல்லை, தோழர்களே! அரசுக் கல்லூரிகளில் இடம் போதவில்லை. தனியார் கல்லூரியின் வாசலை மிதிக்கவே நம்மிடம் பணம் இல்லை. தமிழ்நாட்டில் 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. மனமார வரவேற்கிறோம். ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பிழைக்க வந்த இடத்தில் மாநகராட்சிப் பள்ளியில் படித்த நம் பிள்ளைக்கு அது கிடையாது. அதனால்தான் நம் பிள்ளைகள் எல்லை தாண்டுகிறார்கள்.

என் மகனும் 2014-இல் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகருக்குப் போனான். நாங்குநேரிப் பக்கம் இருந்த முக்கால் ஏக்கரை விற்றேன். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. கட்டிலில் கிடந்த நோயாளி பேசியதோ கிர்கிஸும் ரஷ்ய மொழியும். நோவு எங்கே என்று கேட்கவே அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. 2019-இல் பட்டத்தோடு வந்தான். வீடே கொண்டாடியது. அப்புறம்தான் தெரிந்தது, இங்கே இன்னொரு தேர்வு உண்டு என்று. 2002 முதல் இருக்கும் தேர்வு. ஏஜெண்ட் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று முறை தோற்றான்; நான்காம் முறை தேறினான். அந்த இரண்டு வருடமும் மருந்துக்கடையில் கணக்கு எழுதினான். டாக்டர் என்று கூப்பிட்டால் தலை குனிந்து கொள்வான்.

அந்தத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்க வேண்டும். 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறினார்.

ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் போட்ட விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? ஆங்கிலத்தில்தான் நடக்கிறதா? அதே கல்லூரியில் மேலும் 12 மாதம் பயிற்சி உண்டா? படித்து முடித்தவருக்கு அந்த நாட்டிலேயே வைத்தியம் பார்க்க உரிமம் கிடைக்குமா? இவற்றில் ஒன்று குறைந்தாலும் இங்கே அந்தப் பட்டம் செல்லாக்காசு. இங்கே திரும்பிய பிறகும் 12 மாதம் பயிற்சி உண்டு. நீட் தேறாமல் போனாலும் பயனில்லை. 2018 முதல் அதுவும் கட்டாயம். பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பி வந்தார்கள், பெரும்பாலோர் மாணவர்கள். பாதியில் நின்ற மருத்துவப் படிப்பை இந்தியக் கல்லூரிகளில் தொடரச் சட்டத்தில் இடமில்லை என்று அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. போர் நடக்கிறதே என்று கடன் கொடுத்தவன் வட்டியை நிறுத்தினானா?

அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் மகன் இன்று டாக்டர்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு அனுப்பாதீர்கள் என்கிறேன். சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளின் காகிதங்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்க அறையில் உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். என் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அரசுக் கல்லூரி இடங்களைக் கூட்டு, புலம்பெயர்ந்த தொழிலாளியின் பிள்ளைக்கும் பங்கு கொடு என்று இரண்டு அரசுகளிடமும் ஓயாமல் கேட்போம்.

அந்தத் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை: அடகுக்கடை நாளைக்கும் திறந்திருக்கும். முதலில் இங்கே வா, அம்மா.