சான்று எங்கே?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திற்கென நாள்தோறும் திறந்து பார்க்கும் விக்கிப்பீடியாவில் பூசல் எழுந்தால் அது எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

கலைக்களஞ்சியம் தமிழுக்குப் புதிதன்று. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. அதில் துறை வல்லுநர்கள் எழுதினார்கள். எழுதியவரின் புலமையே வாசகருக்கு உறுதியாக நின்றது. 2001-இல் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தொடங்கிய விக்கிப்பீடியாவின் முறை வேறு. அங்கே யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். எழுதுகிறவர் பேராசிரியரா, பத்தாம் வகுப்பு மாணவரா என்று நமக்குத் தெரியாது. ஆளை நம்ப வழியில்லாத இடத்தில் சான்றைத்தானே நம்ப வேண்டும்? ஆதலின், எழுதும் செய்தி நம்பத்தக்க நூலிலோ இதழிலோ முன்பே வெளிவந்திருக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. சொந்த ஆராய்ச்சியை அங்கே முதன்முதலாக வெளியிடலாகாது. ஒரு சார்பாகவும் எழுதலாகாது.

இவ்விதி எத்துணைக் கடுமையானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறுகிறேன். பிலிப் ராத் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க நாவலாசிரியர் 2000-ஆம் ஆண்டில் 'தி ஹியூமன் ஸ்டெயின்' என்ற நாவலை வெளியிட்டார். அக்கதை இன்னாருடைய வாழ்க்கையைத் தழுவியது என்று சிலர் கருதியதை விக்கிப்பீடியா குறித்திருந்தது. அது தவறு என்றார் ராத். எழுதியவரே சொல்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நாம் கேட்போம். ஆனால், அவர் சொல் மட்டும் போதாது, வேறு சான்றும் தேவை என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. 2012 செப்டம்பரில் அவர் 'நியூ யார்க்கர்' இதழின் வாயிலாக விக்கிப்பீடியாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். நண்பரான ஒரு பேராசிரியருக்கு நேர்ந்த நிகழ்ச்சியே கதைக்கு வித்து என்று அதில் விளக்கினார். அச்சேறிய அம்மடலே பின்னர்ச் சான்றாகி, கட்டுரையிலும் இடம்பெற்றது.

இதைப் படித்தபோது நான் நகைக்கவில்லை. ஏனெனில், அதே விதி என்னையும் ஒருமுறை சுட்டது.

என் தந்தையார் இச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். அவர் மறைந்த சில மாதங்களுக்குப் பின், இவ்வூரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், "இங்குள்ள தமிழ்ச் சங்கம் 1961-இல் தோன்றியது" என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் பலமுறை என்னிடம் சொன்ன ஆண்டு அது. மறுநாள் அவ்வரி இல்லை. யாரோ ஒருவர், சான்று இல்லை என்று நீக்கியிருந்தார். நான் மீண்டும் சேர்த்தேன். அவர் மீண்டும் நீக்கினார். தந்தையாரையே ஒருவர் பொய்யர் என்று சொன்னதுபோல என் நெஞ்சு கொதித்தது. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் செய்த மாற்றத்தை விலக்கினால் எழுதும் உரிமை தடுக்கப்படலாம் என்று ஒருவர் எச்சரித்த பிறகே கையை எடுத்தேன்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. பூசலை அங்கேதான் பேசித் தீர்க்க வேண்டும். அங்கே அம்மனிதர் எழுதியிருந்தது இதுதான்: "உங்கள் தந்தையாரை நான் மதிக்கிறேன். ஆனால் வேற்றூரில் இருந்து இதைப் படிப்பவர் அவரிடம் கேட்டுத் தெளிய முடியாதே!"

அச்சொல் என்னைத் தேடவைத்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் 1965-ஆம் ஆண்டின் விழா மலர் கிடைத்தது. அதில், சங்கம் 1962 பொங்கலன்று தொடங்கப்பெற்றது என்று அச்சாகியிருந்தது. தந்தையார் நினைவில் நின்றது முதன்முதலாகக் கூடிப் பேசிய நாளா, அல்லது வெறும் மறதியா? அவரைக் கேட்க இன்று வழியில்லை. மலர் சொன்ன ஆண்டையே உரையாடல் பக்கத்தில் எழுதினேன். சங்கமே வெளியிட்ட மலர், சங்கத்தைப் பற்றிய எளிய செய்திக்கு மட்டும் சான்றாகலாம் என்று ஒப்புக்கொண்டு, என்னோடு வாதிட்டவரே அவ்வரியைச் சேர்த்தார்.

இருவர் பேசித் தீராவிடில், தொடர்பில்லாத மூன்றாமவரை அழைக்கலாம். பலர் கருத்தையும் கேட்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் அனைவரும் கூடிப் பேசும் பக்கத்திற்கு 'ஆலமரத்தடி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பதிப்பில் இறுதியாக ஒரு நடுவர் குழுவும் உண்டு. அக்குழு, எவர் சொன்ன செய்தி மெய் என்று தீர்ப்பளிப்பதில்லை. எவர் நடந்துகொண்ட முறை தவறு என்றே ஆராய்கிறது. முகமறியாதவர்கள் கூடி வாழ வேண்டுமானால் நடத்தையே முதன்மை என்பது இதன் கருத்து.

இம்முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அச்சில் ஏறாத வாழ்வு அங்கே இல்லாத வாழ்வாகிவிடுகிறது. பாட்டிமார் வாய்ச்சொல்லாக வந்த செய்தி எத்துணை உண்மையாயினும் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. இதற்கு விதியை நொந்து பயனில்லை. எழுதிவைக்காத நம்மையே நொந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, அன்பர்களே, ஒரு வேண்டுகோள். இம்மலரைப் படித்தபின் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் உள்ள பழைய மலர்கள், நன்கொடைச் சீட்டுகள், நிழற்படங்கள் ஆகியவற்றை நம் நூலகத்திற்குத் தாருங்கள். நிழற்படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் குறியுங்கள். மூத்தோரிடம், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். நாளை நம் பேரப்பிள்ளைகளிடம் யாரேனும், "சான்று எங்கே?" என்று கேட்டால், அவர்கள் என்னைப்போல் சினந்து நிற்காமல், "இதோ!" என்று எடுத்து நீட்டட்டும்.