எடை போடும் விளையாட்டு

(நீலகிரியில் கல்லூரி மாணவர்கள் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'சமூகமயமாதலும் சமூகக் கட்டமைப்பும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். முதலாமாண்டு சமூகவியலில் முதல் மாதமே வந்துவிடும் பாடங்கள். கோவையில் ஒரு கல்லூரியில் ஆறு ஆண்டுகளாக இதை நடத்துகிறேன், கௌரவ விரிவுரையாளராக. கௌரவம் பெயரில் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றி வேறொரு கூட்டத்தில் பேசிக்கொள்வோம்.

பாடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குழந்தை வெறும் உயிராகப் பிறக்கிறது. குடும்பம், பள்ளி, கூட்டாளிகள், மதம், ஊடகம் எல்லாம் சேர்ந்து அதைச் சமூக மனிதனாக்குகின்றன. அடுத்த பாடத்தில் கட்டமைப்பு வரும்: தகுதிநிலை, பங்கு, நிறுவனம், படிநிலை. முதல் பாடத்தில் குழந்தை இருக்கும், சமூகம் இருக்காது. இரண்டாவதில் சமூகம் இருக்கும், குழந்தையைக் காணோம். நான் பிறந்த வீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டின் லைனில் பிறந்தவள் நான். ஒரு வரிசைக்குப் பத்து வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பக்கத்து வீட்டில் யார் இருமினாலும் எங்கள் வீட்டில் கேட்கும். மலையின் மேட்டில் பங்களா, நடுவில் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், பள்ளத்தில் ஓடையை ஒட்டி லைன். வகுப்பில் சமூகப் படிநிலையை விளக்கக் கரும்பலகையில் முக்கோணம் வரைவார்கள். அதன் மீது தினமும் ஏறி இறங்கித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். பழைய சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு உண்ணிச்செடியின் இலையைப் பறிப்போம். ஒரு குச்சியில் கயிறு கட்டினால் தராசு. ஒருவன் எடை போடுவான், இன்னொருத்தி நோட்டில் எழுதுவாள். எடை போடுகிறவன் சத்தமாகச் சொல்லுவான்: "பன்னெண்டு கிலோ. தண்ணிக்கு ரெண்டு கழிச்சாச்சு. பத்து!"

கொளுத்துகிற வெயில் காலம். இலையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஆனாலும் இரண்டு கிலோ கழியும். "ஏன்டா கழிக்கிறே" என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. எங்கள் அம்மாக்களும் நிஜத் தராசின் முன்னால் கேட்டதில்லை. இதை யாரும் எங்களுக்கு உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. எட்டு வயதில், காசு கைமாறாத ஒரு விளையாட்டில், என் இலையில் இரண்டு கிலோவை நானே விட்டுக்கொடுத்தேன்.

ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் என்ற அமெரிக்க அறிஞரைப் படித்திருப்பீர்கள். அவர் இறந்தபின் 1934-ல் வெளிவந்த புத்தகத்தில் விளையாட்டைப் பற்றித்தான் பேசுகிறார். குழந்தை அடுத்தவருடைய பங்கை எடுத்து ஆடிப் பார்க்கிறது. ஆடி ஆடி மொத்தச் சமூகத்தின் பார்வையும் அதற்குள் குடியேறிவிடுகிறது என்பது அவர் கருத்து. அவர் காட்டும் உதாரணம் பேஸ்பால். அந்த ஆட்டத்தில் இப்போது பந்து வீசுகிறவர் அடுத்த சுற்றில் மட்டை பிடிக்கலாம். எங்கள் ஆட்டத்தில் எடை போடுகிறவன் எப்போதும் மேஸ்திரியின் மகன்தான். சீட்டுக் குலுக்கிப் போட்டதில்லை, சண்டை போட்டதும் இல்லை. அவன் வந்தால் தராசு அவன் கைக்குப் போகும். மீட் அடுத்தவர் பங்கை எடுப்பதைப் பற்றி எழுதினார். எடுக்கவே முடியாத பங்கு ஒன்று இருக்கிறது என்பதையும் குழந்தை விளையாட்டில்தான் கற்றுக்கொள்கிறது என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

மேஸ்திரி வீடு மேல் லைனில். அங்கே இருந்தவர்களைக் 'குடியானவங்க' என்போம். நாங்கள் கீழ் லைன். பறையர்கள், பள்ளர்கள், அருந்ததியர்கள். எந்தப் பலகையிலும் இப்படி எழுதி வைக்கவில்லை.

என் அப்பாயி மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எடை போட்ட கதைதான் இதுவும். இலைக்குச் சொந்தக்காரர்களை யாரும் கேட்கவில்லை. அப்பாயி தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரிக்கு வந்தார். இங்கே இறங்கியதும் புதிய பெயர் காத்திருந்தது: 'சிலோன்காரங்க.'

"அங்க சாதியெல்லாம் பாக்க மாட்டாங்க கண்ணு, எல்லாரும் லயத்து ஆளுங்கதான்" என்பார் அப்பாயி. அதே மூச்சில், தாத்தாவின் வேலையைப் பற்றிச் சொல்வார். விடிவதற்கு முன் எழுந்து தப்பு அடித்து, பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவது. காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவதற்குப் பெயர் பெரட்டு. வெள்ளைக்காரன் சொன்ன 'பரேட்' அப்படி மாறிவிட்டது. ஊரில் சாவுக்குத் தப்பு அடிக்கச் சொன்ன சாதி, தோட்டத்தில் சங்கு ஊதுவதற்குப் பதிலாகத் தப்பு அடிக்கச் சொன்னது. வெள்ளைக்காரத் துரைக்கு நம் சாதி மேல் தனி வெறுப்பு என்று ஒன்றும் இருந்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு ஆறு மணிக்கு ஆள் வேண்டும். எழுப்பிவிட ஏற்கெனவே ஒரு சாதி தயாராக இருந்தது.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். எங்கள் ஆட்களுக்குப் போகவில்லை. கங்காணி தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் பிடித்தார். முன்பணம் கொடுத்துக் குழுவாகக் கூட்டிப் போனார். பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் ஆதிக்கச் சாதியினர். கூலிகளில் பெரும்பகுதி தலித்துகள். அந்தக் குழு அப்படியே ஒரு லயமாகக் குடியேறியது. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921-ல் ஒழிந்தது. லயம் ஒழியவில்லை. ஆர். ஜெயராமன் என்ற ஆய்வாளர் இலங்கைத் தோட்டங்களில் சாதி எப்படித் தொடர்கிறது என்று ஆராய்ந்து 1975-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீடு ஒதுக்கும்போது எங்கள் சாதிக்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே கீழ் லைன் என்று தெரிந்துகொண்டார்கள். ஆனால் என் அண்ணனின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போனால், பூர்வீக ஊர் எது, தாத்தாவின் அப்பாவுக்கு என்ன ஆதாரம் என்று மூன்று மாதம் நடக்கவிட்டார்கள்.

1916 மே 9-ல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இருபத்தைந்து வயது மாணவராக அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதி என்பது அடைத்துக்கொண்ட வர்க்கம், அகமணம்தான் அதன் பூட்டு என்பது அதன் சாரம். சிலர் தாங்களாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள், மற்றவர்களுக்கு வெளியிலிருந்து கதவு சாத்தப்பட்டது என்கிறார். பிரெஞ்சு அறிஞர் தார்த் எழுதிய போலச் செய்தல் பற்றிய கோட்பாட்டையும் அதில் எடுத்தாள்கிறார். உங்கள் பாடத்திட்டத்தில் சமூகமயமாதல் பாடத்துக்குக் கீழே இந்தக் கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள். நான் படித்த காலத்தில் இல்லை. சாதி தனிப் பாடமாக, 'இந்தியச் சமூகம்' என்ற தாளில், அடுத்த ஆண்டுதான் வந்தது. அதற்குள் எங்கள் மனதில் குழந்தை என்றால் சாதி இல்லாத ஒரு குழந்தை உருவாகிவிட்டது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், இது எனக்குப் பிடித்த இடம். சுதந்திர இந்தியா 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைகள் காப்பகம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. நல்ல சட்டம், போராடிப் பெற்றது, மறுக்கவில்லை. அதில் பள்ளிக்கூடம் பற்றி ஒரு பிரிவு இருந்தது. ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்து தரச் சொல்லி மாநில அரசு விதி போடலாம் என்றது அது. ஏன் 12 வயது? அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, 12 வயது முடியாத குழந்தையைத் தோட்டத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பள்ளி எங்கே முடிகிறதோ அங்கே தோட்டம் தொடங்குகிறது. அந்த 24-ஆம் பிரிவு 1986-ல், குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதுதான் நீங்கியது. என் அம்மா அதற்கு முன்பே கூடை சுமக்க ஆரம்பித்துவிட்டார்.

நம் இயக்கத்துக்குள்ளேயே சில தோழர்கள் சொல்வதுண்டு: "எஸ்டேட் ஜனங்களுக்கு அடிமைப் புத்தி. இன்னும் மேனேஜரைத் துரை துரைன்னு கூப்பிடுறாங்க." எனக்குக் கோபம் வரும். என் அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வழியாகப் போகும்போது குடையை மடக்கு, குரலை இறக்கு, எதிர்த்துப் பேசாதே. குடும்பம்தான் முதல் ஆசிரியர் என்கிறது புத்தகம். சரிதான். ஆனால் எங்கள் அம்மா குடியிருந்த வீடு அம்மாவுடையது அல்ல, வேலையுடையது. வேலை போனால் வீடு போகும். மகள் திமிராகப் பேசினாள் என்ற புகார் போனால், அதற்கான அபராதம் கூரையில் விழும். குனியக் கற்றுக்கொடுத்த அம்மாவிடம் அடிமைப் புத்தியைத் தேடாதீர்கள். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

தோட்டத்தில் இன்னொரு தலைமுறையை உருவாக்குவதும் இந்தச் சாவிதான். அம்மாவோ அப்பாவோ ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும் என்பது நான் பார்த்த பல லைன்களில் வழக்கம். முப்பது வருடம் உழைத்தவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. அப்போது ஒரே வழி, பிள்ளைகளில் ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். எந்தப் பிள்ளை என்று குடும்பமே சிறு வயதிலேயே தீர்மானித்துவிடும். 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒருவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சொல்லச் சொல்ல ஏறாமல் போகும். எங்கள் லைனில் அப்படிப் படிப்பு ஏறாமல் போன பல பேர் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர்கள். மாஞ்சோலையில் 2024-ல் வேலையை முடித்து ஆட்களைக் காலி செய்யச் சொன்னபோது, நான்கு தலைமுறையாக அங்கே இருந்தவர்களுக்குப் போக ஒரு ஊர் இல்லை. குத்தகை 2028 வரைக்கும் என்பது கம்பெனிக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எங்கள் லைன்களிலும் இப்போது பாதி வீடு காலி. அதில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள், பலர் ஆதிவாசிகள். அவர்களை எங்கள் ஆட்கள் 'இந்திக்காரன்' என்கிறார்கள். என் சொந்த அத்தையே, "அதுங்க குழாய்ல தண்ணி புடிச்சா அப்புறம் நாங்க எப்புடி புடிக்கிறது" என்றார். சிலோன்காரி என்று இதே குழாயடியில் ஏச்சு வாங்கியவர் அவர். நான் சண்டை போட்டேன். அத்தை அழுதார். ஆனாலும் குழாய் ஒன்றுதான் இருக்கிறது, தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வருகிறது. அத்தைக்கு நான் எடுத்த வகுப்பு அந்த ஒரு மணி நேரத்தை இரண்டாக்கவில்லை.

கேள்வி நேரத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். விழிப்புணர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழிப்புணர்வால்தான் நான் இங்கே நிற்கிறேன். ஓய்வு பெறுகிறவர் பெயரில் வீட்டுமனைப் பட்டா என்ற கோரிக்கையை அதற்கு முன்னால் வையுங்கள் என்கிறேன்.

அம்மாவுக்கு வருகிற மார்ச்சில் 58 முடிகிறது. தம்பி பி.ஏ. இரண்டாம் ஆண்டு. ஃபீல்டு ஆபீசர் நல்ல மாதிரிதான், வீட்டுக்கே வந்து சொன்னார்: "பையன் பேரைக் கொடுத்துருங்கம்மா, வீடு அப்படியே இருக்கட்டும்." அம்மா எதுவும் சொல்லவில்லை. தம்பி என்னைப் பார்த்தான்.

கோவையில் அம்மாவுக்கும் சேர்த்து வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். முன்பணம், சம்பளம் எல்லாம் பிறகுதான் கேட்கிறார்கள். "நீங்க எந்த ஆளுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இதுவரை நான்கு வீடு பார்த்தாயிற்று. ஐந்தாவதை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். அம்மாவும் வருகிறார்.